ஆயத்த அலுவலகத்தின் கடுவன் நாய்

தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். பாரெல்லாம் வெறிச்சென்று கிடந்தது. சிப்பி இல்லை என்பதற்காக அலுவலகம் இல்லாமல் போய்விடுமா என்ன? ஊருக்கு வெளியே புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த அந்த நாளிலும், கடற்கரையோரம் 'முத்துப் படுகை ஆயத்த அலுவலகம்' என்று பெரிய பலகை மாட்டிக்கொண்டு ஒன்று ஜம்மென்று நடந்துவந்தது. என்றைக்காவது சிப்பி விளைந்தால் மறுநாளே குளிப்பு நடத்த ஆயத்தமாக இருப்பதுதான் அதன் வேலை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வருஷாவருஷம் ஒரு படகு போகும். குளியாள் இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரிப்பார். 'வளர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது' என்று சென்னைத் தலைமையிடத்துக்கு அறிக்கை போகும்.

அலுவலகத்துக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட கொட்டடி. வரப்போகிற சிப்பியைக் குவிக்கச் சிமெண்டுத் தொட்டிகள், குளியாட்கள் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவதற்கான கற்கள், கயிறு, கூடை. இவ்வளவுக்கும் காவல் வெள்ளத்துரை. தற்காலிகக் காவலர். 'முத்துக் குளிப்பு தொடங்கும்வரை' என்று எழுதித்தான் அவனைச் சேர்த்திருந்தார்கள். ஆகவே சிப்பி விளைந்துவிடக் கூடாது என்று திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவன்தான். அலுவலகத்தில் மற்றவர்களும் வேண்டியிருக்கலாம். வெளியே சொல்லவில்லை.

அதற்கு முன் அவன் உப்பளத்தில் கிடந்தவன். வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது. இனியும் அளத்தில் நின்றால் பார்வை போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி தங்கத்தாய் இன்னமும் அளத்துக்குத்தான் போகிறாள். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது இரண்டு பேர் வயிறும் இந்தக் காவல் வேலையை நம்பித்தான் இருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் தலைமையிடத்திலிருந்து சிக்கன உத்தரவு ஒன்று வந்தது. மனிதர் தூங்கக்கூடியவர், சம்பள உயர்வு கேட்கக்கூடியவர். ஆகவே தற்காலிகக் காவலர்களை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கொட்டடிக்கும் காவல் நாய் ஒன்று அமர்த்திக்கொள்ளலாம். அதற்கு நிரந்தரப் பணியிடம் ஒன்று அனுமதிக்கப்படுகிறது.

இத்தனை வருஷம் கும்பிட்டுக் கும்பிட்டு வெள்ளத்துரை கேட்ட நிரந்தரம், கேட்கவே தெரியாத ஒரு நாய்க்குக் கிடைத்துவிட்டது.

கண்காணிப்பாளர் கிருபாநிதி நல்ல மனுஷர். அவனைக் கூப்பிட்டு, கவலைப்படாதே, இது உன்மேல் உள்ள குற்றமில்லை, நீ நாயாகப் பிறக்காததற்கு யார் என்ன செய்யமுடியும் என்று ஆறுதல் சொன்னார். அதற்குள் தலைமை எழுத்தர் செந்தில்வேல் உத்தரவில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சார், இதுல நாய்னு மட்டுந்தான் போட்டிருக்கு. கடுவனா, பொட்டையா? நாமளா ஒண்ணைப் பிடிச்சிட்டு வந்தா நாளைக்கு ஆடிட்டுல பதில் சொல்லணும்."

சென்னைக்கு எழுதிக் கேட்டார்கள். 'உள்ளூர் நிலவரத்தை ஆராய்ந்து முடிவெடுக்கவும்' என்று பதில் வந்தது. ஆராயாமல் விடுவார்களா? கண்காணிப்பாளர், தலைமை எழுத்தர், சாமான் கிட்டங்கிப் பொறுப்பாளர் ஞானையா ஆகிய மூவரும் ஜீப்பில் ஏறித் திருச்செந்தூர் வரை போய் நாய்களைப் பார்வையிட்டார்கள். போன இடத்தில் கடலில் குளித்தார்கள், சில்லுக்கருப்பட்டி வாங்கினார்கள். வழிநெடுக ஆண் நாய்களும் பெண் நாய்களும் காணப்பட்டன என்று குறிப்பு எழுதிக்கொண்டு திரும்பிவந்தார்கள்.

அதன் பிறகு கூட்டம். வெள்ளத்துரைதான் காப்பி வாங்கிக்கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டான். தன் இடத்துக்கு வரப்போகிறவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

கடுவன் வேண்டாம் என்று ஆரம்பித்தவர் ஞானையாதான். கார்த்திகை வந்தால் கடுவன் நாய் பொட்டையின் வாடை பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையூரணி வரைக்கும் ஓடிவிடும், நம் அலுவலக எல்லை உப்போடையோடு முடிகிறது, எல்லை தாண்டினால் முன் அனுமதி வாங்க வேண்டும், நாய் எப்படி வாங்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சரி, பொட்டையே இருக்கட்டும் என்று கிருபாநிதி முடிக்கப் பார்த்தபோது செந்தில்வேல் விதிப் புத்தகத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தார். நிரந்தரப் பணியிடத்தில் உள்ள பெண் ஊழியருக்குப் பிள்ளைப்பேற்று விடுப்பு உண்டு. விதியில் மனிதர் என்று எங்கேயும் போடவில்லை. விடுப்பில் போனால் பதிலி போட வேண்டும்.

"பதிலிக்கு எங்க போறது?" என்றார் கிருபாநிதி.

"இவன்தான் இருக்கானே" என்று ஞானையா கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

பொட்டை நாய் வந்தால் என்றைக்காவது தனக்கு ஒரு வழி பிறக்கும் என்பது அந்த நொடியில் வெள்ளத்துரையின் மண்டையில் பளிச்சென்று ஏறிவிட்டது. பொட்டைன்னு சொல்லுங்கய்யா, பொட்டைன்னு சொல்லுங்கய்யா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றான்.

கிருபாநிதி எழுந்தார். அவர் எழுந்தால் பேசுவார் என்று அர்த்தம்.

"இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லருந்து இங்க யாரும் எதையும் உண்டாக்கினது கிடையாது. ஒரு முத்து? கிடையாது. ஒரு சிப்பி? கிடையாது. அதனாலதான் ஒரு புகாரும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்துல ஒரு நாய் வந்து குட்டி போட்டுச்சுன்னா, மேல இருக்கவன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? நீங்க இத்தனை நாளா என்ன செஞ்சீங்கன்னு கேக்க மாட்டானா?"

கடுவன் என்று ஏகமனதாக முடிவாயிற்று. மாப்பிள்ளையூரணியில் வெள்ளத்துரையின் தங்கச்சி வீட்டில் நாய் குட்டி போட்டிருப்பது ஞானையாவுக்குத் தெரியும். ஆகவே ஒரு கடுவன் குட்டியைப் பிடித்துவரும் பொறுப்பும் வெள்ளத்துரை தலையிலேயே விடிந்தது. தன் வேலைக்கு உலை வைக்கிற நாயைத் தானே தூக்கிவருவதற்குப் போகவரப் பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள்.

தங்கச்சி செல்லக்கிளி வீட்டில் மிஞ்சியிருந்தவை இரண்டு குட்டிகள். செவலையில் ஒரு கடுவன், கருப்பில் வெள்ளைக்கால் போட்ட ஒரு பொட்டை. கடுவன் மதமதவென்று வளர்ந்து, வந்தவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது. பொட்டை உரலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு பார்த்தது.

"கடுவனைக் கொண்டுபோண்ணே. சர்க்கார் சோறு திங்கப் போற குட்டி, நல்லதா இருக்கட்டும்" என்றாள் செல்லக்கிளி.

"அந்தப் பொட்டைய என்ன செய்யப்போற?"

"யாரு கேக்கா பொட்டைய? நாளைக்கு உடங்காட்டுல கொண்டுபோய் விட்டுருவாரு உங்க மச்சான். வருசத்துக்கு ரெண்டு ஈத்து குட்டி போட்டா யாரு தூக்கிச் சுமக்க?"

வருஷத்துக்கு இரண்டு ஈத்து. வெள்ளத்துரை அந்தப் பேச்சை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். வேண்டாதது என்று ஒதுக்கின காரணம் ஒவ்வொன்றும் அவனுக்கு வேண்டியதாக இருந்தது. கேட்டதைக் கொண்டுபோனால் நல்ல பேர் கிடைக்கும், வேலை போகும். இதைக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்ளலாம். அவன் பயந்த சுபாவம். சர்க்கார் ஆபீசுக்குப் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் உரலுக்குப் பின்னால் கையை விட்டான். வெள்ளைக்கால் அவன் விரலை நக்கிற்று. ஓலைக் கொட்டானில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினான். ஏண்ணே இதை என்று செல்லக்கிளி கேட்டதற்கு, இதுக்குத்தான் காது கூர்மையா இருக்கு என்று ஏதோ சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தான்.

வழியெல்லாம் அவன் ஒத்திகை பார்த்த பொய்க்கு வேலையே வரவில்லை. குட்டியை மேசைமேல் வைத்ததும், இது கடுவன்தான் என்று நேரில் பரிசோதித்துச் சான்று எழுத வேண்டும் என்றார் செந்தில்வேல். பரிசோதிப்பது யார்? கண்காணிப்பாளர் பதவியில் இருப்பவர் நாயின் வாலைத் தூக்குவது முறையில்லை என்றார் கிருபாநிதி. எழுத்தர் வேலை எழுதுவது மட்டும் என்றார் செந்தில்வேல். வந்த சாமானைச் சரிபார்ப்பது கிட்டங்கிப் பொறுப்பாளர் கடமை என்று இரண்டு பேரும் ஞானையாவைப் பார்த்தார்கள். ஞானையாவுக்குச் சின்ன வயசில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட ஞாபகம் இன்னும் போகவில்லை. எட்ட நின்றுகொண்டே கேட்டார்.

"ஏலே வெள்ளத்துரை, கடுவன்தானே?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

ஞானையா கூரை உத்தரத்தைப் பார்த்துவிட்டு, கடுவன் என்றார். 'மூவரும் நேரில் ஆராய்ந்ததில் ஆண் என ஐயமின்றித் தெரியவந்தது' என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வீரன் என்று பெயரும் வைத்தார்கள். வெள்ளத்துரை வெளியே வந்து வேலியோரம் உட்கார்ந்து, வீராயி என்று காதோடு கூப்பிட்டான். அது வாலை ஆட்டியது.

வீரன் வளர்ந்து பொறுப்பேற்கும்வரை வெள்ளத்துரை இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பங்குனி, சித்திரை, ஆடி என்று மாதங்கள் போயின. அது வளர வளர அவன் வேலை தேய்ந்துகொண்டு வந்தது. குலைக்கக் கற்றுக்கொண்டால் முடிந்தது கதை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். தன் கஞ்சியில் பாதியை ஊற்றினான், உண்ணி பொறுக்கினான், ஆள் வந்தால் குலை என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினான். அதன்மேல் ஆசை வைக்காமல் இருக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்து ஒப்படைப்பு விழா நடந்தது. கொட்டடியில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகச் செந்தில்வேல் உரக்க வாசிக்க, வெள்ளத்துரை தொட்டுக் காட்ட, வீரன் மோந்து பார்த்து ஏற்றுக்கொண்டது. அதன் காலை மையில் தோய்த்து ஒப்படைப்புப் பத்திரத்தில் பதித்தார்கள். சாவிக்கொத்தை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். விதிப்படி காவல் பொறுப்பில் உள்ளவரிடம்தான் சாவி இருக்க வேண்டும். அதன் கழுத்திலேயே கட்டிவிட்டார்கள். கிருபாநிதி பேசினார்.

"வெள்ளத்துரை நல்ல உழைப்பாளி. ஆனா அவன்கிட்ட ஒரு குறை இருந்துச்சு. ஏன், எதுக்குன்னு சில சமயம் கேட்டுருவான். வீரன் கேக்காது. இந்த ஆபீசுக்கு ஏத்த ஊழியர் இப்பத்தான் கிடைச்சிருக்கு. அதைப் பாத்து நாமளும் திருந்தணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளத்துரையும் தட்டினான். அவன் வீடு நோக்கி நடந்தபோது சாவிக்கொத்துக் கலகலக்க அது வேலி முடிகிற இடம் வரைக்கும் கூடவே ஓடிவந்து நின்று ஊளையிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பான்.

அந்த மழைக்காலம் ஓட்டியது பெரும்பாடு. அளம் தண்ணீரில் கிடந்தது. தங்கத்தாயின் கம்மல் அடகுக்குப் போயிற்று. புதுத் துறைமுகத்தில் கல் சுமக்கப் போனவனை, கண் தெரியாதவன் காலில் கல்லைப் போட்டுக்கொள்வான் என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். தை பிறந்து தண்ணீர் வடிந்தால் அளம் திறக்கும், வேறு போக்கில்லை, அதே வெள்ளையில் போய் நிற்க வேண்டியதுதான். தங்கத்தாய் பழைய குடைத்துணியைக் கிழித்து அவன் கண்ணுக்கு மேல் கட்டிக்கொள்ள ஒரு மறைப்புத் தைத்துவைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தினமும் கொட்டடி வேலிப்பக்கம் போய் நாயின் வயிற்றைப் பார்த்துவிட்டு வருவான்.

கார்த்திகையில் ஊரில் உள்ள கடுவன் நாயெல்லாம் வேலியைச் சுற்றி வந்து கூடிவிட்டன. ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டு, கம்பிக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு ஒரே களேபரம். கிருபாநிதி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்துப்போய்த் தலைமையிடத்துக்கு அறிக்கை எழுதினார். வீரனின் ஆளுமைக்குக் கட்டுப்பட்டு ஊர் நாய்கள் அனைத்தும் தாமே முன்வந்து அலுவலகத்தில் ஆஜராகின்றன என்று. பாராட்டுக் கடிதம் வந்தது. வீரனுக்குப் படித்துக் காட்டினார்கள்.

மார்கழியில் வீரன் பருத்தது. சாப்பாடு கூடிப்போயிற்று என்று தணிக்கைக் குறிப்பு வந்தது, எலும்பைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆனாலும் வயிறு குறையவில்லை. ஒருவேளை ஞானையா திருட்டுத்தனமாகப் போடுகிறாரோ என்று அவரிடம் விளக்கம் கேட்டார்கள். தை மாதக் கடைசியில் ஒருநாள் காலை, சிமெண்டுத் தொட்டியிலிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம் வந்தது. சிப்பி குவிக்கவென்று கட்டி, ஒரு சிப்பிகூடப் பார்க்காத தொட்டி அது. எட்டிப் பார்த்த ஞானையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீரன் படுத்திருக்க, நாலு குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

அவசரக் கூட்டம். ஆள்மாறாட்டம் செய்ததாக நாய்மேல் குற்றச்சாட்டுக் கொடுக்கலாமா என்று முதலில் யோசித்தார்கள். விசாரணை வந்தால் சான்று எழுதினது யார் என்ற கேள்வி வரும் என்று செந்தில்வேல் மெல்லச் சொன்னார். வெள்ளத்துரைமேல் போட்டுவிடலாமா என்றார் ஞானையா. ஆனால் 'மூவரும் நேரில் ஆராய்ந்ததில்' என்று இருக்கிறதே, அதில் வெள்ளத்துரை எங்கே இருக்கிறான்? கிருபாநிதி எழுந்தார்.

"வீரன் கடுவன்தான். அதுல மாத்தமில்ல. மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம். மூணு கையெழுத்து பெருசா, நாலு குட்டி பெருசா? அது குட்டி போட்டிருக்கலாம், அது அதோட சொந்த விஷயம். ஆபீஸ் நடவடிக்கையில கடுவனாத்தான் இருக்கும்."

ஆனால் காவல்? தொட்டிப் பக்கம் யார் போனாலும் வீரன் பாய்ந்தது. வேலிக்கு வெளியே யார் போனாலும் தலையைக்கூடத் தூக்கவில்லை. தலைமையிடத்திலிருந்து பார்வையிட ஆள் வருகிற மாதம் வேறு. கடுவனுக்குப் பிள்ளைப்பேற்று விடுப்புக் கொடுக்கவும் வழியில்லை. செந்தில்வேல் புத்தகத்தைப் புரட்டி, வயிற்றுக்கோளாறு என்று மருத்துவ விடுப்பில் போட்டார். பதிலி போட்டாக வேண்டும்.

வெள்ளத்துரைக்கு ஆள் போயிற்று. அன்றைக்குக் காலையில்தான் கண்மறைப்பைக் கட்டிக்கொண்டு அளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டோம், போலீசுக்குத்தான் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தபடி வந்து நின்றான். மூன்று பேரில் ஒருவரும் அவனை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வீரன் குணமாகித் திரும்பும்வரை அதன் இடத்தில் அவன் பதிலியாக வேலை பார்க்க வேண்டும் என்று வாசித்தார்கள். கடமைகள், நாய்க்கு உள்ளவையே. சம்பளம் பழைய சம்பளம்.

"குலைக்கணுமாய்யா?" என்று கேட்டான் வெள்ளத்துரை. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவசியப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் செந்தில்வேல்.

"அந்தக் குட்டிகள என்னய்யா செய்யணும்?"

"எந்தக் குட்டிக? குட்டிக கிடையாது" என்றார் கிருபாநிதி. மற்ற இருவரும் போனதும் அவனை ஜன்னலோரம் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார். "ஏலே, நாலுல பொட்டை இருக்கா?"

"ரெண்டு இருக்குய்யா."

"பால்குடி மறந்ததும் ஒண்ண நம்ம வீட்டுக்குக் கொண்டா. கடுவன்னா ஊர் சுத்தப் போயிரும். பொட்டைதாம்லே வீட்டோட கிடக்கும், காவலுக்கு அதுக்கு ஈடு கிடையாது. நல்லா வாலைத் தூக்கிப் பாத்துக் கொண்டா."

சாயங்காலம் தங்கத்தாய் அளத்திலிருந்து உப்புக்காலோடு நேரே வேலிப்பக்கம் வந்துவிட்டாள். சேதி அவளுக்கு எட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நிரந்தரமாக்கிட்டாவளா என்று கேட்டாள்.

"நாய்தான் நிரந்தரம். நான் நாய்க்குப் பதில்" என்றான் வெள்ளத்துரை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கண்ணு தப்பிச்சுதே, அது போதும் என்றாள். கையில் கொண்டுவந்த கஞ்சித் தூக்குவாளியை வேலிக்கு மேலே நீட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வெள்ளத்துரை தொட்டிக்கு வந்தான். அவனைக் கண்டு வீராயி உறுமவில்லை. வாலைத் தரையில் தட்டிற்று. இளைத்துப்போய், எலும்பு தெரியக் கிடந்தது. கழுத்தில் சாவிக்கொத்து இன்னும் தொங்கியது. அதை அவிழ்த்துத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டான். கஞ்சியை ஓட்டுச்சட்டியில் பாதி ஊற்றி வைத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நாயை நம்பிப் பிழைக்கிறோமே என்ற வெட்கம். ஆபீசில் உள்ள மூன்று பேரும் கைவிட்ட இடத்தில் இது ஒன்றுதானே கைகொடுத்தது என்று நினைத்தபோது வெட்கம் கொஞ்சம் குறைந்தது. இன்னும் இரண்டே மாதத்தில் குட்டிகள் பால் மறந்துவிடும், வீரன் பணிக்குத் திரும்பிவிடும்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து அதன் காதோடு சொன்னான்.

"ஏளா வீராயி, அடுத்த ஈத்துக்கும் என்னைய மறந்துராத தாயி."